குறி பலிக்கும் நாள்: காலப்பயண நகைச்சுவையும் காலந்தாழ்ந்த தொடர்ச்சியும்

ஆய்வுச் சுருக்கம்

காலப்பயணத்தை நகைச்சுவையாக்கும் திரைப்படம் 'இனி நடக்கும்' என்னும் சொல்லின்மீது எழுப்பப்படுவது. அச்சொல் பலித்ததா என்று காட்ட வேண்டிய பொறுப்பு, பல்லாண்டு கழித்து வரும் தொடர்ச்சிப் படத்தின்மீது விழுகிறது. 'பில் அண்ட் டெட்' வரிசையின் மூன்றாம் படம் (2020) அப்பொறுப்பை ஏற்ற முறையினைக் குற்றாலக் குறவஞ்சியின் குறி, சிங்கன் – சிங்கி உரையாடல் ஆகியவற்றோடு ஒப்புநோக்கி, 'இன்று நேற்று நாளை' (2015) படத்தின் இரண்டாம் பாகம் எதிர்கொள்ள வேண்டிய வினாக்களை இக்கட்டுரை எழுப்புகிறது.

திறவுச்சொற்கள்: காலப்பயணம், நகைச்சுவை, தொடர்ச்சிப் படம், குறவஞ்சி, குறி, இன்று நேற்று நாளை.

முன்னுரை

தமிழ்த் திரைப்படங்களின் இரண்டாம் பாகங்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் வணிகப் பேச்சாகவே முடிந்துவிடுகிறது. 'சாமி'க்குப் பதினைந்து ஆண்டு கழித்தும், 'சண்டக்கோழி'க்குப் பதின்மூன்று ஆண்டு கழித்தும் (இரண்டும் 2018), 'சந்திரமுகி'க்குப் பதினெட்டு ஆண்டு கழித்தும் (2023), 'இந்தியன்' படத்திற்கு இருபத்தெட்டு ஆண்டு கழித்தும் (2024) தொடர்ச்சிகள் வந்தன. பழைய பெயரின் விலைமதிப்பை மீண்டும் காசாக்கும் முயற்சி என்பதே இவற்றுக்கு நாம் வழக்கமாகத் தரும் விளக்கம். அது பொய்யன்று. ஆயினும் படத்துக்கு உள்ளே நிற்கும் ஒரு வினாவை அது தொடுவதில்லை. இரு படங்களுக்கும் இடையில் கழிந்த ஆண்டுகளைக் கதை என்ன செய்தது? மறைத்ததா, மறந்ததா, அன்றிக் கதைப்பொருளாகவே ஏற்றதா?

இவ்வினா எல்லாத் தொடர்ச்சிகளுக்கும் உரியதாயினும், காலப்பயண நகைச்சுவைக்கு வந்து சேரும்போது கூர்மை பெறுகிறது. காலம் ஒரு விளையாட்டுப் பொருள், பிழை நேர்ந்தால் திரும்பிப் போய்த் திருத்திக்கொள்ளலாம் என்று முதற்படம் நம்மைச் சிரிக்க வைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் நடிகரும் பார்வையாளரும் திரும்பிப் போக வழியின்றி மூத்துவிட்டனர். அந்த முகங்களோடுதான் இரண்டாம் படம் திரைக்கு வருகிறது.

ஒப்பீட்டிற்குக் குறவஞ்சியைக் கொண்டது ஊர்ப்பற்றினால் மட்டும் அன்று. இக்கட்டுரை எழுதப்படும் புளியங்குடியிலிருந்து கடையநல்லூர், தென்காசி வழியே குற்றாலம் செல்வோர் திரிகூடராசப்பக் கவிராயரின் ஊராகிய மேலகரத்தைக் கடந்தே செல்வர். இப்பகுதி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சிரித்து மகிழ்ந்த இலக்கியம் ஒன்றின் நடுவிலே எதிர்காலம் அறிவோள் ஒருத்தி நிற்கிறாள். எதிர்காலத்தை அறிதலும் நகைச்சுவையும் ஒரே நூலில் கூடியிருப்பதற்கு இதைவிட நெருங்கிய சான்று நமக்கு இல்லை.

கடனாகப் பெற்ற சாவி

ஸ்டீபன் ஹெரெக் இயக்கிய 'பில் அண்ட் டெட்ஸ் எக்ஸலண்ட் அட்வென்ச்சர்' 1989இல் வெளிவந்தது. கிறிஸ் மேதசனும் எட் சாலமனும் எழுதியது. கலிபோர்னியாவின் சான் டிமாஸ் நகரப் பள்ளி மாணவர் இருவர். படிப்பில் மந்தம், கிதார் வாசிக்கத் தெரியாமலே இசைக்குழு நடத்தும் துணிச்சல். வரலாற்றுப் பாடத்தில் தேறாவிட்டால் டெட் இராணுவப் பள்ளிக்கு அனுப்பப்படுவான், குழு உடையும். அது உடையலாகாது என்பதற்காகவே எதிர்காலத்திலிருந்து ரூஃபஸ் என்பவர் தொலைபேசிக் கூண்டு வடிவிலான கால எந்திரத்தோடு வருகிறார். இவ்விருவரின் இசைதான் பிற்கால உலகின் அமைதிக்கு அடித்தளம் என்பது அவர் கொண்டுவரும் செய்தி. அலெக்ஸ் வின்டரும் கியானு ரீவ்ஸும் இளைஞர்களாகவும் ஜார்ஜ் கார்லின் ரூஃபஸாகவும் நடித்தனர்.

சாக்ரட்டீசையும் நெப்போலியனையும் கூண்டில் ஏற்றிப் பள்ளிக்குக் கொண்டுவரும் காட்சிகளே பலர் நினைவில் நிற்பவை. கட்டமைப்பு நோக்கில் பார்த்தால் படத்தின் உயிர் வேறொரு சிறு காட்சியில் உள்ளது. பிடித்துவந்த வரலாற்று மாந்தர் சிறையில் அடைபட, அவர்களை மீட்கச் சாவி தேவைப்படுகிறது. டெட்டின் தந்தை காவல் அதிகாரி. அவருடைய சாவியோ சில நாளாகவே காணவில்லை. இருவரும் யோசிக்கின்றனர். இந்த வேலையெல்லாம் முடிந்த பிறகு காலத்தில் பின்னோக்கிச் சென்று, காணாமற்போவதற்கு முன்பே சாவியை எடுத்து, இதோ இந்தப் பலகைக்குப் பின்னால் வைத்துவிடுவதென்று முடிவு செய்கின்றனர். முடிவு செய்த அக்கணமே பலகைக்குப் பின்னால் கைவிட, சாவி கிடைக்கிறது!

இக்காட்சியின் தருக்கத்தை நம் வழக்கில் சொன்னால் அது கடன். இனிச் செய்யப்போகும் செயலின் பயனை இப்போதே எடுத்துச் செலவிடுகிறார்கள். பின்னர்த் திரும்பிச் சென்று சாவியைத் திருடினார்களா என்று படம் காட்டுவதில்லை, பார்வையாளரும் கேட்பதில்லை. உலகை ஒன்றாக்கும் இசை பற்றிய முன்னறிவிப்பும் இதே வகையினது. இசை இன்னும் பிறக்கவில்லை. அதன் மதிப்பின்மீது ஒரு முழுப்படமே கடனாக ஓடி முடிந்துவிடுகிறது.

1991இல் வந்த இரண்டாம் படம் ('பில் அண்ட் டெட்ஸ் போகஸ் ஜர்னி', இயக்கம் பீட்டர் ஹியூவிட்) இக்கடனை அவசரமாகத் தீர்க்க முயன்றது. இறுதிப் பெயர்ப்பட்டியலின்போது வரும் செய்தித்தாள் தலைப்புகளிலேயே குழுவின் உலகப் புகழ் சொல்லி முடிக்கப்படுகிறது. எழுதித் தீர்த்த கணக்கு அது. எவரும் பணத்தைக் கண்ணால் காணவில்லை.

குறியும் இடைவெளியும்

குற்றாலக் குறவஞ்சியின் கதைப்போக்கு ஆய்வாளர் அறிந்ததே. திருவுலா வரும் குற்றாலநாதரைக் கண்டு வசந்தவல்லி காதல் கொள்கிறாள். தோழியைத் தூது விடுக்கிறாள். கூடல் இழைத்துப் பார்க்கிறாள். பின்னர்ச் சிங்கி வந்து குறி சொல்கிறாள். காதலன் இன்னான் என்பதும் காதல் கைகூடும் என்பதும் குறியின் சாரம். பரிசில் பெற்றுக் குறத்தி புறப்பட்டதும் நூல் வசந்தவல்லியை விட்டு விலகிச் சிங்கனைப் பின்தொடர்கிறது. குறி பலித்ததா என்பதைக் கவிராயர் காட்டவில்லை. தலைவி தலைவனைக் கூடிய காட்சி நூலில் இல்லை.

இதனைக் குறையென்று எவரும் சுட்டியதாகத் தெரியவில்லை. குறியின் சுவை அது சொல்லப்படும் கணத்தில் நிறைந்துவிடுகிறது. பலித்ததைக் காட்டினால் அது இன்னொரு மணவிழாக் காட்சியாகத் தேய்ந்திருக்கும். முதல் 'பில் அண்ட் டெட்' படமும் இந்த நுண்ணறிவோடுதான் இயங்கியது. உலகை மாற்றும் இசையை நமக்கு இசைத்துக் காட்டாமலே தப்பித்துக்கொண்டது.

நூலின் பிற்பகுதி நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. பறவை பிடிக்க வந்த சிங்கன் சிங்கியின் நினைவால் வேட்டையைக் கோட்டைவிட்டு, அவளைத் தேடி அலைந்து, குற்றாலத் தெருவில் காண்கிறான். கண்டதும் அவன் காண்பது புதிய அணிகலன்களை. காலில் கிடப்பது என்ன, இடையில் கிடப்பது என்ன என்று ஐயமும் அச்சமும் கலந்து கேட்டுக்கொண்டே போகிறான். ஒவ்வொன்றும் எந்நாட்டில் யாருக்குக் குறி சொல்லிப் பெற்றது என்று அவள் விடை தருகிறாள். நகைச்சுவைக்காக மட்டுமே மேற்கோளாகும் இப்பகுதி, பிரிந்திருந்த காலத்தின் கணக்கைக் கேட்கும் பகுதியுமாகும். சிங்கிக்கு இடைக்காலம் பயணமாகவும் ஈட்டமாகவும் கழிந்தது. சிங்கனுக்கு வெறும் காத்திருப்பாகக் கழிந்தது. இருவருக்கும் ஒரே அளவு காலம் கழிந்தும் அது ஒரே பொருள் தரவில்லை. சிரிப்பு அந்த ஏற்றத்தாழ்விலிருந்து பிறக்கிறது. ஆகவே குறவஞ்சியில் இரண்டு நகைச்சுவைகள் உள்ளன: வருங்காலத்தைச் சொல்லும் நகைச்சுவை ஒன்று, கழிந்த காலத்தைக் கேட்கும் நகைச்சுவை மற்றொன்று. காலந்தாழ்ந்த தொடர்ச்சிக்கு உதவக்கூடியது இரண்டாவதே.

புராண மரபிலும் இதற்கொரு துணை உண்டு. தன் மகள் ரேவதிக்கு ஏற்ற மணமகன் யார் என்று கேட்கப் பிரமலோகம் சென்ற ககுத்மி மன்னன், அங்கே நடந்த கந்தர்வ இசை முடியும்வரை காத்திருக்கிறான். இசை முடிந்து கேட்டபோது பிரமன் சிரித்துவிடுகிறான். அந்தச் சிறிது நேரத்தில் மண்ணுலகில் இருபத்தேழு சதுர்யுகங்கள் கழிந்துவிட்டன. மன்னன் மனத்தில் வைத்திருந்த மாப்பிள்ளைகளின் கால்வழிகூட மிஞ்சவில்லை. மீண்டு வந்து பலராமனுக்கு மகளைக் கொடுத்தபோது அவள் அக்கால மாந்தரினும் மிக நெடியவளாய் நின்றாள் என்றும், பலராமன் தன் கலப்பையால் அவள் உயரத்தைத் தணித்தான் என்றும் விஷ்ணு புராணம் கூறுகிறது. கதை சொன்னவர் ஆண்டுகளை மறைக்கவில்லை; அவற்றை உடலின் அளவிலேயே காட்டிவிட்டார்.

கடன் கேட்டு வரும் எதிர்காலம்

'பில் அண்ட் டெட் ஃபேஸ் தி மியூசிக்' (இயக்கம் டீன் பாரிசோ) 2020 ஆகஸ்டு 28இல் வெளியானது. இரண்டாம் படத்துக்கும் இதற்கும் இருபத்தொன்பது ஆண்டு இடைவெளி. நாயகர் இருவருக்கும் அகவை 55. தலைப்பு ஆங்கிலத்தில் சிலேடையாக நிற்பது: இசையை எதிர்கொள்வது என்பதோடு, செய்ததன் விளைவுக்கு முகம் கொடுப்பது என்பதும் அத்தொடரின் பொருள்.

படம் முதலில் செய்வது, இரண்டாம் படத்தின் செய்தித்தாள் தலைப்புகளைப் பொருளற்றவையாக்குவது. புகழ் வந்தது, போயிற்று. உலகை ஒன்றாக்கும் பாட்டு எழுதப்படவே இல்லை. உறவினர் திருமணத்தில், எவரும் கேட்க விரும்பாத புதுமுயற்சி ஒன்றை வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்நிலையில் எதிர்காலம் ஆளனுப்புகிறது. இன்று மாலை 7.17க்குள் அந்தப் பாட்டு இசைக்கப்படாவிட்டால் உலகமே குலைந்துவிடும் என்பது செய்தி.

இருவரும் கண்டுபிடிக்கும் வழி பழைய வழியே. எப்படியும் எழுதப்போகும் பாட்டுத்தானே, எழுதி முடித்த நாளுக்குச் சென்று தம்மிடமிருந்தே வாங்கி வந்துவிடலாம்! 1989இன் சாவிக் காட்சியை அறிந்தவர்க்கு இங்கே பொறி தட்டும். அன்று வருங்காலத் தாங்கள் வைத்த சாவி நிகழ்காலத்தில் கைக்கு எட்டியது. இன்று வருங்காலத்தின் வாசலுக்கே சென்று கேட்டும் கை வெறுமையாகத் திரும்புகிறது. ஒவ்வொரு முறையும் முன்னே சென்று பார்க்கும்போது எதிர்காலத் தாங்கள் இன்னும் சிதைந்திருக்கிறார்கள். குடும்பம் விலகிய குடிகாரராக, பிறர் மாளிகையில் பொய் வாழ்க்கை வாழ்வோராக, சிறைக் கைதிகளாக. ஒருமுறை ஏமாற்றவும் துணிகிறார்கள். ஏமாற்றுவோரும் ஏமாறுவோரும் ஒருவரே. கடனுக்கு வட்டியாகத் தம் நடுவயதைச் செலுத்தியோரைப் படம் சிரிப்பினூடே காட்டுகிறது. இப்பகுதியை இவ்வரிசையின் மிகச் சிறந்த அரைமணி நேரமாகவே கருத வேண்டும்.

முதுமையில் படுக்கையில் கிடக்கும் இருவரைக் காணும் காட்சியில் மட்டும் தொனி மாறுகிறது. அங்கே பகை இல்லை. முதிர்ந்தோர் பாட்டைக் கையளிக்கின்றனர். அதன்மேல் எழுதிய குடும்பப் பெயர்கள் தம்மைக் குறிப்பன அல்ல, தம் பெண்மக்களைக் குறிப்பன என்று நாயகர் பின்னர் உணர்கின்றனர். குறியின் சொல் மாறவில்லை. கேட்டவர் கொண்ட பொருள் பிழைபட்டிருந்தது. குறி மொழியின் இயல்பே இதுதான் என்பது நம் மரபில் பயின்றோர்க்கு வியப்பளிக்காது. பாட்டின் சிறப்பும் அதன் பண்ணில் இல்லை. எல்லாக் காலத்து மாந்தரும் ஒருங்கே இசைத்தனர் என்பதில் உள்ளது. முப்பது ஆண்டாகப் பேசப்பட்ட பாட்டை நேராக இசைத்துக் காட்டியிருந்தால் எந்த இசையமைப்பாளரும் தோற்றிருப்பார்.

குறைகளும் உண்டு. மகளிர் இருவரும் காலந்தோறும் சென்று மோட்சார்ட், லூயி ஆம்ஸ்ட்ராங், ஜிமி ஹென்ரிக்ஸ் முதலியோரைத் திரட்டும் பகுதி 1989இன் படியெடுப்பு. தந்தையரின் நடையையும் பேச்சையும் நன்கு பின்பற்றியதற்கு மேல் அவர்களுக்கென்று தனித்த குணவார்ப்பு இல்லை. தீர்வைக் கையில் கொடுத்தவர்கள் கதையில் விருந்தாளிகளாகவே நிற்கிறார்கள். தவறிய தலைமுறையின் கடனை அடுத்த தலைமுறை அடைத்துவிடும் என்பது ஆறுதலான விடை. அவ்வளவு எளிதில் ஏற்கத்தக்க விடையா என்பது ஐயத்துக்குரியது. பெருந்தொற்றுக் காலத்தில், அரங்குகள் பல மூடிக்கிடந்தபோது வீட்டுத்திரைக்கும் ஒருங்கே வந்த படம் இது. தமிழ்நாட்டில் அரங்குகள் அவ்வாண்டு நவம்பரில்தான் திறந்தன. உலகோர் அனைவரும் ஒன்றுகூடி இசைக்கும் காட்சியைத் தனித்தனி அறைகளில் இருந்து பார்த்த பார்வையாளர்க்கு அக்காட்சி தன் தகுதிக்கு மேலாகவே நெகிழ்ச்சி தந்திருக்கலாம்.

மறைந்தோரை நடத்தும் முறையில் இப்படத்தை 'இந்தியன் 2' படத்தோடு ஒப்பிடுவது பயன் தரும். ரூஃபஸாக நடித்த கார்லின் 2008இல் காலமானார். மூன்றாம் படத்தில் அவருடைய பழைய பதிவு நினைவுருவமாகச் சிறிது நேரம் தோன்றுகிறது. அவர் பணியை அவர் மகள் கெல்லி என்னும் பாத்திரம் ஏற்கிறது. இல்லாமை கதைக்குள் ஒப்புக்கொள்ளப்படுகிறது. 'இந்தியன் 2'இல் 2021இலேயே காலமான நெடுமுடி வேணுவும் விவேக்கும் உயிரோடிருப்போராகவே உலவுகின்றனர். படப்பிடிப்பு நெடுநாள் நீண்டதன் விளைவு அது. இயக்குநர்மேல் பழி சொல்வதற்கில்லை. ஆனால் கதைத் தலைவன் சேனாபதியின் நிலை வேறு. நேதாஜியின் படையில் இருந்த வீரர் 2024இல் நூறாண்டைக் கடந்தவராக இருத்தல் வேண்டும். வர்மக்கலையால் தாவிப் பாயும் அவ்வுருவத்தில் இருபத்தெட்டு ஆண்டும் ஒரு சுமையாக இறங்கவில்லை. அந்த முதுமைதான் கதையின் மிகப் பெரிய வாய்ப்பு. தான் ஊழலை ஒழித்த நாடு மீண்டும் அப்படியே இருப்பதைக் காணும் நூறு வயது மனிதரின் சலிப்பைப் பற்றி ஒரு படம் எடுத்திருக்கலாம். காலப்பயணம் என்ற சொல்லே இல்லாத அப்படம் காலத்தை இல்லையென்று சொல்லிக் கடந்தது. கால எந்திரம் வைத்திருக்கும் படமோ காலத்துக்குப் பணிந்தது.

புலிவெட்டி ஆறுமுகத்தின் தொழில்

தமிழில் காலப்பயணக் கதைகள் இன்று பலவாகிவிட்டன. '24' (2016) கைக்கடிகாரத்தையும் 'மார்க் ஆண்டனி' (2023) தொலைபேசியையும் கருவியாக்கின. அவற்றுள் நகைச்சுவையை அடித்தளமாகவே கொண்டு எழுந்து மக்கள் விருப்பில் நிலைத்தது ஆர். ரவிக்குமார் இயக்கிய 'இன்று நேற்று நாளை'. 2015 ஜூன் 26இல் வெளியானது. 2065இன் அறிவியலறிஞர் ஒருவர் (ஆர்யா) அனுப்பும் எந்திரம் 2015க்கு வந்து, தொழில்முனைவோனாகும் கனவோடு திரியும் இளங்கோவின் (விஷ்ணு விஷால்) கையிலும் அவன் நண்பன் புலிவெட்டி ஆறுமுகத்தின் (கருணாகரன்) கையிலும் சிக்குகிறது. ஆறுமுகம் பொய்ச் சோதிடன்.

அமெரிக்க மாணவர் எந்திரத்தைத் தேர்வில் தேறப் பயன்படுத்தினர். நம்மவர் அதனைக் கொண்டு சோதிட நிலையம் நடத்துகின்றனர். காணாமற்போன பொருளைத் தேடி வருவோர் விவரம் சொல்ல, நண்பர்கள் கடந்த காலத்துக்குச் சென்று பார்த்து வந்து, பொருள் இருக்குமிடத்தைக் கணித்ததுபோல் சொல்கிறார்கள். இந்த ஒரு கற்பனையால் கால எந்திரம் தமிழ் மண்ணில் வேர்கொண்டுவிடுகிறது. இங்கே எதிர்காலத்தையும் இறந்தகாலத்தையும் அறிவதற்கு ஏற்கெனவே ஒரு தொழில் உண்டு; எந்திரம் அத்தொழிலின் புதிய கருவி. சிங்கியின் மாத்திரைக்கோலுக்கு மின்கலம் பொருத்தியது போல எனலாம். புளியங்குடியில் இப்படி ஓர் எந்திரம் வந்து விழுந்திருந்தால் முதலில் கேட்கப்படும் கேள்வி நாளை எலுமிச்சைக்கு மண்டியில் என்ன விலை என்பதாகவே இருக்கும். மழைநாளில் விலை சரிந்து கோடையில் ஏறும் காயை நம்பி வாழும் ஊருக்கு வேறு எதிர்காலம் எதற்கு?

ஆறுமுகத்தின் தொழில் வெறும் சிரிப்போடு நின்றுவிடவில்லை. கடந்த காலத்துக்குச் சென்ற பயணமொன்றில் அறியாமற் செய்த சிறு குறுக்கீட்டால், காவல்துறையால் சுட்டுக்கொல்லப்பட்டிருக்க வேண்டிய குழந்தைவேலு என்னும் கொடியவன் பிழைத்துக்கொள்கிறான். நிகழ்காலம் அதற்கு விலை கொடுக்கிறது. முதற்படத்திலேயே கடன் என்னும் கருத்தைத் தொட்டுவிட்ட தன்மையால் இப்படம் 1989இன் அமெரிக்கப் படத்தினும் பொறுப்புணர்வு மிக்கது.

இரண்டாம் பாகம் அறிவிக்கப்பட்டு, எஸ். பி. கார்த்திக் இயக்கத்தில் 2021இல் அதற்குப் பூசையும் போடப்பட்டது. முதற்படம் வெளிவந்து பத்தாண்டு நிறைந்தபோதும் அது திரைக்கு வந்திருக்கவில்லை. ரவிக்குமாரின் அடுத்த படமாகிய 'அயலான்' 2024 ஜனவரியில்தான் வெளியானது. நகைச்சுவைத் தொடர்ச்சிகள் இடையில் முறிவதும் புதிதன்று. 'இம்சை அரசன்' படத்தின் தொடர்ச்சி தொடங்கப்பட்டு நின்றுபோனது. இத்தாமதங்களின் தயாரிப்புக் காரணங்கள் இக்கட்டுரையின் எல்லைக்கு வெளியே நிற்பவை. தாமதம் கதைக்கு என்ன தந்திருக்கிறது என்பதே இங்குக் கேட்கத்தக்கது.

மிகுதியாகவே தந்திருக்கிறது. 2015இன் நிகழ்காலம் இன்று பயணம் போகத்தக்க இறந்தகாலம் ஆகிவிட்டது. அன்றைய இளங்கோ பையில் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்களோடு இன்றைக்கு வந்தால் ஒரு தேநீர்கூட வாங்க இயலாது. 2016 நவம்பர் 8க்குப் பின் அவை வெறும் தாள். இப்பகுதிக்கு வந்தால் தென்காசியையும் புளியங்குடியையும் திருநெல்வேலி மாவட்டம் என்றே எழுதுவான். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். இவை தகவல் நகைச்சுவைகள், எவரும் எழுதிவிடலாம். ஆழமான மாற்றம் ஆறுமுகத்தின் தொழிலில் நிகழ்ந்துள்ளது. காணாமற்போனதைக் கண்டுசொல்வதே அவன் வருவாய். தொலைந்த கைப்பேசி தன் இருப்பிடத்தைத் தானே சொல்கிறது. தெருமுனைக் கண்காணிப்புக் கேமரா நேற்றைய நிகழ்ச்சியை ஓட்டிக் காட்டுகிறது. நாளைய மழையை ஒவ்வொருவர் உள்ளங்கையும் கூறுகிறது. அவன் எந்திரம் ஒருவனுக்கு மட்டும் தந்த ஆற்றலைப் பத்தாண்டு அனைவருக்கும் பங்கிட்டுவிட்டது. ஆயினும் சோதிடரிடம் கூட்டம் குறையவில்லை என்பதைக் கண்ணுள்ளோர் அறிவர். பொருள் இருக்குமிடம் தெரிந்த பிறகும் மக்கள் எதைக் கேட்டு ஆறுமுகத்திடம் வருகிறார்கள்? பத்தாண்டில் தலை நரைத்த ஆறுமுகம் அவர்களுக்கு என்ன விடை வைத்திருக்கிறான்? இரண்டாம் பாகம் பழைய எந்திரத்தையும் பழைய குளறுபடியையும் மறுபடி ஓட்டிக் காட்டுமானால் இவ்வினாவைக் கேளாமலே கடந்துவிடும். வில்லன் மீண்டும் பிழைப்பான், நாயகன் மீண்டும் திருத்துவான். சிங்கன் கேட்டது போல் ஆறுமுகத்தை நிறுத்தி, இத்தனை நாள் எங்கிருந்தாய், கையிலிருப்பது யாருக்குக் குறி சொல்லிப் பெற்றது என்று கேட்கும் ஒரு பாத்திரம் அப்படத்திற்கு வேண்டும்.